மூக்கு வழியே மூச்சு

(திருவந்திபுரத்தில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆஸ்பத்திரி மெஷின்களோடு காலம் தள்ளுகிறாயே, அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். நான் டாக்டர் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் மெஷின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. அந்த வேலைக்காக ஆபரேஷன் தியேட்டரின் ஓரத்தில் நின்று நின்று பார்த்ததில், ஒரு விஷயம் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. வாயிலும் முகத்திலும் ஆபரேஷன் செய்யும்போது, நோயாளியின் மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபை விடுகிறார்கள். அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். மருத்துவம் படித்தவர்கள் சபையில் இருந்தால், தப்பு கண்டால் எழுந்து திருத்தலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், எதற்காக மூக்கு? மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யும்போது சாதாரணமாக வாய் வழியாகத்தான் டியூப் போடுவார்கள். அது சுலபம். ஆனால் கடலூர்–சிதம்பரம் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் வந்து விழுந்து தாடை உடைந்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். உடைந்த தாடை சரியாகச் சேர்ந்ததா என்று சர்ஜன் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? எக்ஸ்ரே பிறகு. தியேட்டரில் அவருக்கு உள்ள அளவுகோல் பற்கள்தான். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பழையபடி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்கார வேண்டும். அப்படி உட்கார வைத்து, கம்பியால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதன் பிறகுதான் டைட்டானியம் பிளேட் வைத்து முடுக்குவார். நடுவில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு டியூப் கிடந்தால் வாய் எப்படி மூடும்? நம் பாஷையில் சொன்னால், ஜிக் வைத்து அலைன்மென்ட் பார்க்கும் இடத்தில் ஒரு பைப்பை நுழைத்து வைத்த மாதிரி. ஆகவே வாயை சர்ஜனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மயக்க மருந்து டாக்டர் மூக்குக்குப் போகிறார். ஒரே பாதையில் இரண்டு பேருக்கு வேலை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

இந்தச் சிக்கல் முதல் உலகப் போரில் பெரிதாகத் தலையெடுத்தது. பதுங்குகுழியிலிருந்து தலையைத் தூக்கிய சிப்பாய்களுக்கு முகம் போயிற்று. இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் 1917-ல் குயின் மேரி மருத்துவமனை இதற்கென்றே திறக்கப்பட்டது. ஹெரால்ட் கில்லீஸ் என்ற சர்ஜன் அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை நடத்தினார். அந்தக் காலத்தில் மயக்கம் என்றால் முகமூடி வைத்து ஈதர் கொடுப்பதுதான். முகத்தையே வெட்டித் தைக்கும்போது முகமூடியை எங்கே வைப்பது? மெல்லிய குழாய் ஒன்றை விட்டு ஈதரை ஊதினார்கள். நோயாளி மூச்சு விடும்போது ஈதரும் இரத்தமும் சர்ஜன் முகத்திலேயே தெறித்தன. போர் முடிந்த கையோடு அங்கே வந்து சேர்ந்த ஐவன் மகில், ஸ்டான்லி ரோபோதம் என்ற இரண்டு டாக்டர்கள்தான் இதற்கு வழி கண்டார்கள். மூச்சு போகவும் வரவும் போதுமான அகலத்தில் ஒரே ரப்பர் குழாய். அதை மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் விடுவது. சுருட்டி வைத்த ரப்பர் குழாயிலிருந்து வெட்டியதால் அதற்கு இயல்பாகவே ஒரு வளைவு இருந்தது. அந்த வளைவே அதைச் சரியான திசைக்குக் கொண்டுபோயிற்று. தொண்டைக்கு வந்த குழாயின் நுனியைப் பிடித்துத் திருப்ப மகில் 1920-ல் வெளியிட்ட வளைந்த இடுக்கி, நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வடிவம் பெரிதாக மாறாமல் எல்லா தியேட்டரிலும் இருக்கிறது. ஒரு இன்ஜினீயராக எனக்கு அந்த இடுக்கியின் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்போது பாதையைப் பார்ப்போம். மூக்கின் துவாரம் மேலே, கண்ணுக்கு நடுவே போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி உண்மைதான். காற்றுப் பாதையின் தரை நேராகப் பின்னால், அண்ணத்துக்கு மேலாகவே ஓடுகிறது. படுத்திருக்கும் நோயாளிக்கு டியூபை நெற்றியைப் பார்த்துத் தள்ளினால் கெடுதல். தரையை ஒட்டி, மேஜையை நோக்கி நேர் கீழே தள்ள வேண்டும். பக்கச் சுவரில் மென்மையான சவ்வு போர்த்திய சுருள் எலும்புகள் உண்டு. நடுச்சுவரின் முன்பகுதியில் இரத்தக் குழாய்கள் வலைபோலக் கூடியிருக்கும். கோடையில் பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். இந்த வேலையில் அடிக்கடி வரும் தொல்லையும் அந்த இரத்தம்தான்.

எனவே முன்னேற்பாடுகள். முதலில் எந்தத் துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒன்றை மூடி மற்றதால் மூச்சு விடச் சொல்வார்கள். நம் பெரியவர்கள் சரம் பார்ப்பது என்று சொன்னார்களே, வலதில் ஓடுகிறதா இடதில் ஓடுகிறதா என்று, அதே சோதனைதான். சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு துவாரங்களும் முறை மாற்றிக்கொள்கின்றன என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. பிறகு சைலோமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்து, ஜலதோஷத்துக்கு நாம் போட்டுக்கொள்வதே. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும், பாதையையும் அகலமாக்கும். டியூபை வெதுவெதுப்பான சலைனில் போட்டு இளக்குவார்கள், ஜெல்லி தடவுவார்கள். சிலர் டியூபின் நுனியை ஒரு மெல்லிய ரப்பர் கதீட்டருக்குள் செருகி, அந்த மெத்தென்ற நுனியை முன்னால் அனுப்பி, தொண்டையில் வந்ததும் கதீட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு இந்த உபாயம் ரொம்பப் பிடிக்கும். செலவும் மிகக் குறைவு.

டியூபின் அளவும் யோசிக்க வேண்டிய விஷயம். வாய் வழியாகப் போடுவதைவிட மூக்குக்குச் சிறியதாக எடுப்பார்கள். பெரியவர்களுக்கு உள்விட்டம் பெரும்பாலும் 6 முதல் 7 மி.மீ. வரை. நீளமும் கூடுதல். பெண்களுக்கு மூக்கு விளிம்பிலிருந்து சுமார் 26 செ.மீ., ஆண்களுக்கு 28 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தங்கைகளே, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த புவாசேய் சமன்பாடு நினைவிருக்கிறதா? தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் மாறும். 7 மி.மீ. டியூபுக்குப் பதில் 6 போட்டால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், தடை 1.85 மடங்காகிறது. மெஷின் காற்றைத் தள்ளும்வரை இது பெரிய பாரமில்லை. நோயாளி தானாக மூச்சு விட ஆரம்பிக்கும்போது ஸ்ட்ராவில் மூச்சு விடுகிற கதைதான். பெரிதாகப் போட்டால் மூக்கு கிழிகிறது, சிறிதாகப் போட்டால் மூச்சு திணறுகிறது. இந்த நடுவாந்திர அளவைத் தேர்ந்தெடுப்பது டாக்டரின் அனுபவம்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கும் ஒரு கதை உண்டு. சாதாரண டியூபை மூக்கிலிருந்து வளைத்து நெற்றிக்குக் கொண்டுபோனால் மடங்கி அடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மூக்கு விளிம்பை மணிக்கணக்கில் அழுத்தி, அங்கே தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். 1975-ல் ரிங், அடேர், எல்வின் என்ற மூன்று அமெரிக்கர்கள் வளைவோடேயே வார்த்த டியூபை வெளியிட்டார்கள். மூக்குக்கான வகை நெற்றியை நோக்கி மேலே வளைவதால் அதற்கு 'வடதுருவ' டியூப் என்று பெயர். வாய்க்கானது தாடையை நோக்கி வளைவதால் 'தென்துருவ' டியூப்.

இனி உள்ளே விடும் முறைகள். வாய் நன்றாகத் திறக்கும் நோயாளிக்குப் பெரிய கஷ்டமில்லை. மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாக டியூபைத் தொண்டைவரை இறக்கி, லாரிங்கோஸ்கோப்பால் நாக்கைத் தூக்கி, குரல்வளையைக் கண்ணால் பார்த்து, மகில் இடுக்கியால் நுனியைப் பிடித்து உள்ளே செலுத்துவார்கள். இப்போது நுனியில் கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் வந்துவிட்டது. உள்ளே போனது மூச்சுக்குழாய்தானா, உணவுக்குழாயா என்பதற்கு எங்கள் ஆட்களின் மெஷின் சாட்சி சொல்லும். கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். அதை அளந்து ஒவ்வொரு மூச்சையும் திரையில் அலையாகப் போடுகிறது கேப்னோகிராஃப். அலை ஒன்றிரண்டு வந்து மறைந்தால் நம்பக் கூடாது. தொடர்ந்து வர வேண்டும்.

வாய் திறக்காதவர்கள்தான் உண்மையான சோதனை. நம் நாட்டில் இவர்கள் அதிகம், அதற்குக் காரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. சின்ன வயதில் தாடையில் அடிபட்டு, கவனிக்காமல் விட்டு, காதுக்கு முன்னால் உள்ள மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் ஒரு ரகம். தாடை வளராததால் முகவாய் உள்ளே போயிருக்கும். தூக்கத்தில் குறட்டை விட்டுத் திணறும். இன்னொரு ரகம், பாக்கு. பாக்கும் பான்மசாலாவும் குட்காவும் மென்று மென்று கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறக்காமல் போகிற நோய். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கண்டு 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். மறு வருஷமே இந்தியாவிலிருந்து ஜோஷி எழுதினார். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-ல் தடை போட்டார்கள். இந்த மண்டபத்தில் முகூர்த்த நாளில் தாம்பூலத் தட்டு சுற்றி வருவதை நான் குறை சொல்லவில்லை. தினமும் பத்துப் பொட்டலம் மெல்லும் பையன்களைச் சொல்கிறேன். முன்பற்களுக்கு நடுவே மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் போகாது. அண்ணாமலை நகரில் 1980-லிருந்து ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் அது அரசின் சுகாதாரத் துறைக்கு வந்துவிட்டது. நம் பக்கத்து ஜனங்கள் இதற்காக வெகு தூரம் போக வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்படிப்பட்ட ஒரு பையனை, வேறொரு ஊரில் ஒரு தியேட்டர் வாசலில் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. அவன் அம்மா கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். என் கையில் டூல் பை இருந்தாலும் என்னையும் விடவில்லை.

"தம்பி, நீங்க டாக்டரா?"

"இல்லம்மா, மெஷின் பாக்குற ஆளு."

"புள்ள முழிச்சிருக்கும்போதே மூக்குல குழாய விடுவாங்களாமே. மயக்க ஊசி போட்டுட்டு எதையாச்சும் பண்ணக் கூடாதா? வலில துடிச்சுப் போயிடுவானே."

அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, பெஞ்சில் அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தார். அவர் சொன்னதை நினைவிலிருந்து சொல்கிறேன்: "அம்மா, தூங்க வெச்சு மருந்து போட்டா அவன் மூச்சை அவன் விடமாட்டான். நாங்கதான் விடணும். வாய் திறந்தா எங்களுக்குப் பத்து வழி இருக்கு. இவனுக்கு வாயே திறக்கலை. தூங்கின பிறகு குழாய் போகலைன்னா அவனை எழுப்பக்கூட நேரம் இருக்காது. முழிச்சிருந்தா, குழாய் போகலைன்னாலும் அவன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருப்பான். நாங்க நிறுத்திட்டு நாளைக்குப் பாத்துக்கலாம். வலிக்காம இருக்க மரத்துப்போற மருந்து மூக்குலயும் தொண்டையிலயும் அடிச்சிடுவோம்." அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவர் சொன்ன நேரக் கணக்கை நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் மிச்சம் இருக்கும். வெறும் காற்றாக இருந்தால் அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், ஏறக்குறைய அரை லிட்டர். உடம்பு நிமிஷத்துக்கு 250 மி.லி. செலவழிக்கிறது. இரண்டு நிமிஷ இருப்பு! நடைமுறையில் அதற்கும் முன்பே ஆபத்து தொடங்கிவிடும். முன்கூட்டியே சுத்தமான ஆக்சிஜனை மூச்சிழுக்க வைத்தால் ஆரோக்கியமான பெரியவர் எட்டு நிமிஷம்வரை தாக்குப்பிடிக்கலாம். வீராணம் ஏரியைக் கோடைக்கு முன் நிரப்பி வைக்கிற மாதிரி. குழந்தைகளுக்கும் பருமனானவர்களுக்கும் ஏரி சிறியது, செலவு பெரியது. அகில இந்திய கடின மூச்சுப்பாதை சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் வலியுறுத்துகிறது. முயற்சிக்கு நடுவிலும் மூக்கு வழியே ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டும் அடுத்த முயற்சி. மூன்றுக்கு மேல் வேண்டாம்.

அந்தப் பையனுக்குச் செய்தது ஃபைபர் ஸ்கோப் முறை. சுமார் 4 மி.மீ. கனமுள்ள வளையும் ஸ்கோப்பின் மேல் முதலிலேயே டியூபைக் கோத்துக்கொள்வார்கள். ஸ்கோப் மூக்கின் தரையை ஒட்டிப் போய், குரல்வளை மூடியைத் தாண்டி, குரல் நாண்களுக்கு நடுவே நுழைந்து, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைக் காட்டும். அதன் பிறகு தண்டவாளத்தின் மேல் ரயில் போகிற மாதிரி ஸ்கோப்பின் மேலாக டியூபை இறக்க வேண்டியதுதான். டியூபின் உள்விட்டம் 6.5, ஸ்கோப் 4. சுற்றிலும் ஒண்ணேகால் மி.மீ. இடைவெளி. நம்மவர்களுக்குப் புரியும், இந்த ஆட்டம் இருந்தால் விளிம்பு எங்காவது மாட்டும். குரல்வளையின் வலப்பக்கக் குருத்தெலும்பில்தான் வழக்கமாக மாட்டுகிறது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பித் தள்ளினால் போய்விடும். பையன் இரண்டு தரம் இருமினான். அலை வந்தது. அதற்கப்புறம்தான் தூங்க வைத்தார்கள்.

இந்த ஸ்கோப்பின் வேரில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் காட்டினார். 1967-ல் பீட்டர் மர்ஃபி என்ற டாக்டர், பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த ஒரு ஸ்கோப்பை எடுத்து ஒரு நோயாளிக்கு மூக்கு வழியாக டியூப் போட்டார். கபானிக்கு மறைவுக்குப் பிறகு 2021-ல் பத்ம விபூஷண் கிடைத்தது.

ஆனால் ஸ்கோப்பைப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று உடைந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி. தப்பாக மடக்கினால், இழுப்பறையில் நசுக்கினால், நோயாளி கடித்தால், ஸ்கோப் போய்விடும். ஒரே முறை உபயோகித்து எறிகிற கேமரா ஸ்கோப் 2009-ல் வந்தது. அதுவும் எல்லா இடத்திலும் அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே பழைய கைவேலைகள் அழியக் கூடாது என்பது என் கட்சி. அதில் ஒன்று, மகில் காலத்துக் குருட்டு முறை. நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, டாக்டர் டியூபின் வெளிமுனையில் காதை வைத்துக் கேட்டபடியே தள்ளுவார். சத்தம் வலுத்தால் குரல்வளை எதிரே இருக்கிறது. மூச்சு இழுக்கும் நேரத்தில் உள்ளே தள்ள வேண்டும். சத்தம் நின்றால் உணவுக்குழாய். பின்னுக்கு இழுக்க வேண்டும். தொண்டையில் நுனி கீழே சரிந்துவிட்டால், டியூபின் நுனியிலுள்ள பலூனைச் சற்று ஊதி, நுனியை நடுவுக்குத் தூக்கிக் குறி பார்ப்பதும் உண்டு. இன்னொன்று, கழுத்தில் ஊசி குத்தி, முதுகில் எபிட்யூரலுக்குப் போடும் மெல்லிய கதீட்டரை மேல்நோக்கி அனுப்பி, வாய் அல்லது மூக்கு வழியாக வெளியே எடுத்து, அதன் மேல் டியூபை இறக்குவது. நைஜீரியாவில் முகம் அழுகிச் சிதைந்த நோயாளிகளுக்கு வாட்டர்ஸ் என்பவர் இப்படிச் செய்து 1963-ல் எழுதினார்.

எது முதலில் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். குருட்டு முறையில் நாலு தரம் குத்திப் பார்த்து, இரத்தம் வந்த பிறகு ஸ்கோப்பைக் கொண்டுவந்தால், லென்ஸில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

மூக்கே கூடாத இடமும் உண்டு. முகத்தின் நடுப்பகுதி நொறுங்கி மண்டையின் அடித்தளமும் உடைந்திருந்தால், டியூப் மூளைப் பக்கம் வழி தவறிவிடலாம். வாயும் வேண்டாம், மூக்கும் வேண்டாம், ஆனால் கழுத்தில் துளையும் போட மனமில்லை என்கிறபோது, வாய் வழியாகப் போட்ட டியூபின் வெளிமுனையை மோவாய்க்கு அடியில் ஒரு சிறு வெட்டு வழியாக வெளியே எடுக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஹெர்னாண்டஸ் அல்டெமிர் 1986-ல் சொன்ன வழி. பற்கள் மூடும், மூக்கும் காலியாக இருக்கும். யோசித்தால் இதை ஒரு பிளம்பர்கூட மெச்சுவார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் வந்தால் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவை சில. மூக்கில் அடிக்கடி இரத்தம் வருமா, மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா, முன்பு மூக்கு உடைந்ததா, ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இரவில் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா. ஆபரேஷன் முடிந்து பற்களைக் கம்பியால் கட்டியே வார்டுக்கு அனுப்பினால், கட்டில் பக்கத்தில் கம்பி வெட்டும் கட்டர் ஒன்று தொங்க வேண்டும். வாந்தி வந்தால் கம்பியை உடனே வெட்டி வாயைத் திறக்க அதுதான். இல்லாவிட்டால் நர்ஸம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். தொண்டையில் இரத்தம் இறங்காமல் இருக்கத் துணி அடைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டதை போர்டில் எழுதி அடிப்பது தியேட்டர் ஆட்களின் பொறுப்பு.

சமையல்காரர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பந்திக்கு நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் வாருங்கள், பேசலாம்.